காலி என்று கொடுத்த பன்னிரண்டு கூடுகள்

என் வயதுக்காரர்களுக்கு, முக்கியமாகப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நம் சபை மடலைப் புரட்டுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். மேலே படிக்கும் முன் உங்கள் மகனோ மருமகனோ கராஜில் என்ன வைத்திருக்கிறார் என்று ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கடிதம் எங்கேயும் ஓடிவிடாது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊரில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன், மீதியெல்லாம் அம்மாவின் செபப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தது. இங்கே ஹைஸ்கூலோடு சரி. ஃபிரிஸ்கோவில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து டேகேர் நடத்துகிறேன். காலை ஏழு மணிக்கு ஆறு பிள்ளைகள் வந்து இறங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ்காரம்மா வந்து என் அலமாரிகளை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். பாத்திரம் கழுவுகிற சோப்புக்குக்கூட என் வீட்டில் பூட்டு உண்டு. தலைவலி மாத்திரைக்குப் பூட்டு, கத்தரிக்கோலுக்குப் பூட்டு.

என் கணவர் ஆண்டவரிடம் போன பிறகு மகன் தன் குடும்பத்தோடு என்னிடம் வந்துவிட்டான். என் அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார், எண்பத்து நான்கு வயது. மகனுக்குத் துப்பாக்கி சுடுகிற இடத்துக்குப் போகிற பழக்கம் உண்டு. துப்பாக்கி ஓர் இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. லைசென்ஸ்காரம்மாவே பார்த்து "வெரி குட்" என்றாள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். ஐந்து வயதுப் பேத்தி ஒரு தயிர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கராஜிலிருந்து வந்தாள். உள்ளே பித்தளைத் தோட்டாக் கூடுகள், பளபளவென்று.

"பாட்டி, லுக். டாடி கேவ் மீ. ஃபார் த கேண்டில்ஸ்."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பிள்ளை நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின ஒரு மான் சீசனை இப்போது நான் சொல்லியாக வேண்டும். ஹூஸ்டன் நாளிலிருந்தே கூட இருக்கிற உங்களில் பாதிப் பேர் இந்தக் கதை தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது என் அப்பா சொன்ன கதை.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. ஹூஸ்டனுக்குத் தெற்கே, அகலமான வாய்க்கால் ஓரத்தில் ஒரு மரவீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா நர்ஸ். அவள் வேலையை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் தூத்துக்குடியிலிருந்து வந்தோம். ஊரில் பேங்க்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இங்கே துறைமுகக் கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலைதான் கிடைத்தது. அம்மா சம்பளத்தில் வந்த ஆள் என்று நம் சபையின் மற்ற மாமாக்கள் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது ஒருவர், "என்ன, மேடம் இன்னிக்கு டியூட்டியா? அப்ப சாருக்கு சமையல் டியூட்டி" என்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்துவார். அவ்வளவுதான்.

முன்பாதியில் ஹவுஸ் ஓனர் இருந்தார். வயதான வெள்ளைக்காரர். மனைவி இல்லை. வாயில் எப்போதும் பல்குத்தும் குச்சி. அவர்தான் அப்பாவை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். அதற்கப்புறம் அப்பா நடக்கிற நடையே மாறிப்போயிற்று. மாமாக்கள் நடுவில் "நாங்க விடியறதுக்கு முன்னாடி மரத்து மேல ஏறி உக்காந்துருவோம்" என்று ஆரம்பித்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அந்த மரியாதைக்காக அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். செய்தார்.

ஹவுஸ் ஓனர் தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் இருக்கிற வெடித்துப்போன கேப்பைத் தட்டி எடுத்துவிட்டு, புதுக் கேப்பை வைத்து அழுத்துவார். அதற்கப்புறம் வெடிமருந்து போட்டு, நுனியில் குண்டை வைத்து மூடினால் புதுத் தோட்டா. கேப்பு என்றால் நம் ஊரில் தீபாவளித் துப்பாக்கியில் வைத்து டப் டப் என்று சுடுவோமே, அந்த ஜாதிதான். ஆனால் இது அதற்குத் தாத்தா. பொட்டு அளவில் ஒரு செப்புக் கிண்ணம், அதற்குள் தட்டினால் வெடிக்கிற ஒரு துளி.

அவருடைய கொட்டகையில் இதற்கென்று ஒரு கனத்த மர அலமாரி இருந்தது. கேப்பு அது வந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கும், ஒவ்வொன்றும் தன் தன் குழியில், ஒன்றை ஒன்று தொடாமல். மருந்து அது வந்த டப்பாவிலேயே, வேறு தட்டில். கேப்பு மட்டும் வைத்து அரைகுறையாக நிற்கிற கூடுகள் ஒரு மரப்பெட்டியில் தலைகீழாக, மேலே சிவப்பு மையில் எழுதிய சீட்டோடு. அலமாரிக்குப் பூட்டு. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில். நாங்கள் அந்தக் கொட்டகைக்குப் போகிறதே பறவைத் தீனி வாங்கத்தான், அதுவும் வாசல்படியைத் தாண்ட விட மாட்டார்.

அப்பாவுக்கு அவர் கற்றுக்கொடுத்து, ஒரு பழைய அழுத்துமிஷினையும் கொடுத்தபோது நான் அங்கேதான் நின்றேன். குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், கேப்பை அது வந்த பெட்டியிலேயே வை, வேறு எதிலும் மாற்றாதே என்று. இரண்டு தடவை சொன்னார். அப்பா "யெஸ் சார், யெஸ் சார்" என்றார்.

நம் வீட்டில் எந்தச் சாமான் அது வந்த பெட்டியில் இருந்திருக்கிறது, சொல்லுங்கள். சீனி ஹார்லிக்ஸ் பாட்டிலில், துவரம் பருப்பு காபி டின்னில், ஊசி நூல் பிஸ்கட் டப்பாவில். அப்பா அன்று மத்தியானமே எல்லாக் கேப்பையும் அட்டைக் குழிகளிலிருந்து கொட்டி, கழுவிக் காயவைத்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலில் போட்டார். கண்ணாடி பாட்டில். கொட்டும்போது கலகலவென்று கொத்தமல்லி விதை கொட்டுகிற சத்தம். "இப்பப் பாரு, எவ்வளவு இருக்குன்னு வெளியிலிருந்தே தெரியுது" என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினார். குலுக்கியும் காட்டினார். கேப்பு வைத்துத் தயார் செய்த கூடுகள் நீல நிற பிஸ்கட் டப்பாவுக்குப் போயின.

வைத்த இடம் அதைவிட மோசம். கடற்கரை ஊர்க்காரர், ஈரத்துக்குப் பயந்தே வளர்ந்தவர். தீப்பெட்டியைக்கூட அடுப்பு மேடையில்தான் வைப்பார். "ஈரம் பட்டா மருந்து செத்துரும்" என்று சொல்லி, வீட்டிலேயே உலர்ந்த இடம் எது என்று தேடி, வெந்நீர் ஹீட்டர் இருந்த அலமாரிக்குள் கொண்டுபோய் எல்லாவற்றையும் அடுக்கினார். உள்ளே நீலமாக ஒரு தீ எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அக்காவும் நானும் தலைவைத்துப் படுக்கிற இடம்.

அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. அம்மா கேட்டாள், "பிள்ளைங்க இருக்கிற வீடு, ஒரு பூட்டாவது போடக் கூடாதா?" அப்பா மறுநாள் காலண்டரிலிருந்து ஒரு மாதா படத்தை வெட்டிக் கதவில் ஒட்டினார். குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்த ஓலையையும் அதன் மேல் செருகினார். "அவ பாத்துக்குவா" என்றார்.

என் பக்தியைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லாமல் நான் படுத்த நாள் கிடையாது. என் கணவர் கடைசி மூச்சு விடும்போது மாதாவின் பெயரைத்தான் காதில் சொன்னேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. தன் பிள்ளையை மூன்று நாள் தேடி அலைந்த தாய் அவள். அவளைக் கொண்டுபோய்ப் பூட்டு வேலைக்கு வைத்தார் அப்பா.

அந்த வருஷம் குடிலை அக்காதான் செய்தாள். அவளுக்குக் கை அப்படி. கடைப் பையின் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, கறுப்பும் பச்சையும் தெளித்துப் பாறையாக்குவாள். ஹவுஸ் ஓனரிடம் பறவைத் தீனி வாங்கி ஈரத்துணியில் முளைகட்டிப் புல் வளர்த்தாள். உடைந்த முகக்கண்ணாடித் துண்டைச் சுற்றி மணல் போட்டுக் குளம். எல்லாம் தயார், ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த சீரியல் லைட்டைச் செருகிப் பார்த்தால் எரியவில்லை. இங்கத்துக் கரண்ட் அதற்குச் சேரவில்லை. அக்கா அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாள்.

அப்பா அழுத்துமிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். வாயில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு.

"ஏட்டி, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"லைட் எரியலப்பா. குடில் இருட்டா இருக்கும்."

"மெழுகுவத்தி வையி."

"நிக்காதுப்பா. சாஞ்சி விழும்."

அப்பா நீல டப்பாவைத் திறந்தார். ஒரு கூட்டை எடுத்துப் பிறந்தநாள் கேக்கில் வைக்கிற சின்ன மெழுகுவர்த்தியை அதன் கழுத்தில் செருகினார். அளவெடுத்துச் செய்தது மாதிரி நின்றது. மேஜை மேல் நிறுத்தி, தலையைச் சாய்த்து ரசித்தார்.

"எப்டி, அப்பா மூளை?"

"இது வெடிக்காதாப்பா?" என்று கேட்டது நான்தான்.

"மருந்தும் இல்ல, குண்டும் இல்ல. காலிக் கூடு. இது என்னத்த வெடிக்கும்? ரொம்பப் பயப்படாத, பயந்தாங்கொள்ளி."

எண்ணிப் பன்னிரண்டு கொடுத்தார். இயேசுவுக்குப் பன்னிரண்டு சீடர்கள் என்றார். நான் சும்மா இருக்காமல் எனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தேன். அக்கா தன் பன்னிரண்டிலிருந்து ஒன்றை எனக்குத் தந்தாள். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் குயில் மாதிரிக் கூவும். ஒரு வாரம் அதைப் பல்லில் கடித்துக்கொண்டே திரிந்தேன். அடியில் கேப்பு இருந்தது. கீழே போட்டேன், படிக்கட்டில் தட்டினேன், பாக்கெட்டில் சாவியோடு போட்டுக்கொண்டு ஓடினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் பல் கூசுகிறது.

திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, மத்தியானம் நான்கு மணிக்கு ஐந்து குடும்பம் எங்கள் வீட்டில் செபமாலைக்கு வந்தது. அக்கா பதினோரு மெழுகுவர்த்தியையும் ஏற்றினாள். மாமாக்களே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். பின்னே முழங்காலில் நின்று ஆரம்பித்தோம். மூன்றாம் பத்து மணி சொல்லும்போது ஒரு மெழுகுவர்த்தி உருகிக் காகிதப் பாறை மேல் வழிந்து, தீ பிடித்துக்கொண்டது. பெரிய தீ இல்லை. பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஒரு டப். "சீரியல் லைட்டு வெடிக்குது, பிளக்கைப் பிடுங்கு" என்று ஒரு மாமா சொன்னார். சீரியல் லைட்டே அங்கே இல்லை. அக்கா குனிந்து தண்ணீரை ஊற்றினாள். இன்னொரு டப். செம்பு கீழே விழுந்து உருண்டது. அக்கா சத்தம் போடவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்தினாள். விரல் நடுவில் ரத்தம் வந்தது. கூட்டின் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த அந்தப் பொட்டளவு செப்பு அவளுடைய இடது கண்ணுக்குள் போயிருந்தது.

ஆம்புலன்ஸில் அம்மா அவளோடு போனாள். நான் அப்பாவோடு காரில். வண்டி ஓட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"யாராச்சும் கேட்டா, அக்கா கேக்காம எடுத்துட்டான்னு சொல்லணும். சரியா? அப்பா குடுத்தேன்னு சொன்னா அப்பாவப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. க்ரீன் கார்டு வராமப் போயிரும். அம்மா வேலை போயிரும். எல்லாரும் ஊருக்குப் போகணும். அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் கையில் எழுதுகிற அட்டையோடு விசாரிக்க ஒரு பெண் வந்தாள். என் முன்னால் முழங்காலிட்டு, என் உயரத்துக்கு வந்து, கலர் பென்சில் ஒன்று கொடுத்தாள். உன் அக்கா அதை அப்பாவைக் கேட்காமல் எடுத்தாளா என்று மெதுவாகக் கேட்டாள். நான் அப்பாவின் ஷூவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான். வாயால் பொய் சொல்லவில்லையே, தலையைத்தானே ஆட்டினேன் என்று எத்தனையோ வருஷம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லாமல் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அம்மா அக்காவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி எடுத்த? பூட்டியிருந்த இடத்துல போயி ஏன்டி எடுத்த?" என்று அழுதாள். கூடுகளை மட்டும் தன் டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்திருந்ததாக அப்பா அவளிடமே சொல்லியிருந்தார். அக்கா இருந்த ஒரு கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அந்தப் பொய்யோடேயே போய்ச் சேர்ந்தாள், உங்களுக்கே தெரியும், எட்டு வருஷம் ஆகிறது. கடைசி வரை "அவ மட்டும் அன்னிக்குக் கை வைக்காம இருந்திருந்தா" என்பாள்.

மறுநாள் ஹவுஸ் ஓனர் ஒரு மரப்பெட்டியோடு வந்து ஹீட்டர் அலமாரியைத் திறந்தார். ஊறுகாய் பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எங்களை எல்லாம் தெருவுக்குப் போகச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் அடிமேல் அடி வைத்து வெளியே வந்தார். ஒன்று வெடித்தால் பாட்டிலில் இருக்கிற அத்தனையும் ஒன்றாக வெடிக்கும் என்றும், அந்தச் சுவரே இருக்காது என்றும் அப்பாவிடம் சொன்னார். வந்த பெட்டியிலேயே வை என்று உன்னிடம் சொன்னேன் என்றார். அப்பா "யெஸ் சார், யெஸ் சார்" என்றார். அவர் அப்புறம் அப்பாவை வேட்டைக்குக் கூப்பிடவே இல்லை.

என் பாக்கெட்டில் இருந்த ஊதலை நானே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினார். நடுவில் அந்தச் செப்பு வட்டம், வழவழவென்று. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து சுட்ட கூடு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே வட்டம், ஆனால் நடுவில் ஊசி குத்தின மாதிரி ஒரு பள்ளம். பள்ளம் இருந்தால் செத்தது. வழவழப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. அந்த சீசனில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அடுத்து நம் ஆட்களிடம் வருகிறேன். புதுவருஷ செபக்கூட்டத்தில் அப்பா எழுந்து சாட்சி சொன்னார். குடில் முழுக்க எரிந்தும் குழந்தை இயேசு சுரூபத்தில் ஒரு கரி கூடப் படவில்லை என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னீர்கள். சிலர் அழுதீர்கள். சுரூபம் எப்படி எரியும்? கிறிஸ்துமஸ் பூசை முடிந்துதானே நாம் பாலனைத் தொட்டிலில் வைப்போம்? தீ பிடித்தது அதற்கு முந்தின ஞாயிறு. பாலன் அம்மாவின் பீரோவில் பஞ்சு சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோர் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு கேள்வி வரவில்லை. அற்புதம் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டீர்கள். எரிந்தது ஒரு பிள்ளையின் கண் என்பதை அதன் கீழே போட்டு மூடினீர்கள்.

அக்காவைப் பெண் கேட்டு வந்த ஒரு குடும்பத்து அம்மாள் எங்கள் ஹாலிலேயே உட்கார்ந்துகொண்டு, "துப்பாக்கிக் குண்ட வச்சி விளையாண்ட பொண்ணு இதுதானா?" என்று கேட்டாள். அப்பா மிக்சர் தட்டை அந்தம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் பயம் எனக்கு இப்போது புரிகிறது. காகிதம் கையில் வராத காலம், அட்டையோடு வருகிற ஒவ்வொருவரும் போலீஸ் மாதிரித் தெரிந்த காலம். முதல் ஒரு வருஷத்துக்கு அந்தப் பொய்யை நான் மன்னித்துவிடுவேன். க்ரீன் கார்டு வந்தது. சிட்டிசன்ஷிப் வந்தது. கையைத் தூக்கிச் சத்தியம் செய்து கொடியோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் சொல்ல என்ன தடை? ஒவ்வொரு டிசம்பரிலும் அவரை மேடைக்குக் கூப்பிட்டீர்களே, அதுதான் தடை.

தயிர் டப்பாவுக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்தபடி ஒரு கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வழவழப்பு. அடுத்ததும் வழவழப்பு. பேத்தியைப் பின்கட்டு முற்றத்துக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, கூடுகளை ஒவ்வொன்றாகத் துண்டின் மேல் வைத்தேன். பன்னிரண்டு. மகன் சாக்ஸோடு வந்து நின்றான்.

"மாம், ரிலாக்ஸ். இட்ஸ் ஜஸ்ட் ப்ரைம்ட் பிராஸ். கேப் மட்டும்தான், பவுடர் இல்ல, புல்லட் இல்ல. பேசிக்கலி எம்ப்டி."

"நாளைக்குக் காலைல ஆறு பிள்ளைங்க இந்த வீட்டுக்கு வருது. இது ஏன் பூட்டுக்குள்ள இல்ல?"

"பிகாஸ் இட்ஸ் நாட் அம்யூனிஷன் யெட். அம்மோ எல்லாம் லாக்ட். யூ நோ தட்."

சாப்பாட்டு மேசையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "பிள்ளைகிட்டச் சொல்லி வையி, கேக்காம எதையும் எடுக்கக் கூடாதுன்னு. உன் பெரியம்மா அப்டி எடுத்துதான் கண்ணு போச்சு."

மகன் என்னிடம், "ஐ நோ, தாத்தா டோல்ட் மீ. அதனாலதான் ஷி ஹாஸ் டு ஆஸ்க். அவ கேட்டா. சோ ஐ கேவ்" என்றான்.

பாருங்கள், ஒரு பொய் என்னவெல்லாம் செய்கிறது என்று. பிள்ளை திருடினால்தான் ஆபத்து என்று என் மகன் கற்றுக்கொண்டிருக்கிறான். திருடாமல் கேட்டு வந்து நின்ற பிள்ளைக்கு அவனே அள்ளிக் கொடுத்துவிட்டான், தாத்தா கொடுத்த மாதிரியே, தாத்தா சொன்ன அதே காரணத்தைச் சொல்லி.

"அவ எடுக்கலடா. உன் தாத்தாதான் எண்ணிப் பன்னெண்டு குடுத்தார். காலின்னு சொல்லிக் குடுத்தார். நான் பக்கத்துல நின்னேன். அப்புறம் எடுத்தான்னு பொய் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்."

அப்பா டம்ளரை வைத்தார். "இத்தன வருஷம் கழிச்சி இதென்ன பேச்சு."

"குடுத்தீங்களா, இல்லையாப்பா?"

"எல்லாம் ஆண்டவர் சித்தம்."

"ஆண்டவர இதுல இழுக்காதீங்க. குடுத்தீங்களா?"

அவர் மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து வைத்தார். மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குனிந்து துண்டின் மேல் இருந்த கூடு ஒன்றை எடுத்துத் திருப்பினான். தாத்தா தனக்குச் சொல்லிக்கொடுத்த கதையில் தன் மகள் எங்கே நிற்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். "ஐ டிடின்ட் நோ, மா" என்றான், சின்னப் பிள்ளையில் கூப்பிடுகிற மாதிரி.

அன்றைக்கே எல்லாச் சாமானையும் பிள்ளை இல்லாத நண்பன் ஒருவன் வீட்டுப் பூட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். மறுபடி என் கராஜுக்குள் வர வேண்டுமானால் நான் சொன்னது இது: கேப்பு வந்த பெட்டியிலேயே இருக்கணும், மருந்து அதன் டப்பாவிலேயே, தீயும் சூடும் கிட்ட வராத வேறு வேறு இடத்தில். கேப்பு வைத்த கூடு காலி இல்லை, அதையும் சீட்டு ஒட்டிப் பூட்டிவை. தயிர் டப்பா தயிருக்கு. இதை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் கத்துங்கள். நான் கத்தினேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஹூஸ்டனில் ஹில்க்ராஃப்ட் பக்கம் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைக்கிறாள், ஒரு கண்ணால் அவள் போடுகிற தையலை இரண்டு கண்ணால் நான் போட முடியாது. நல்ல மனுஷன் கிடைத்தார், பிள்ளைகள் இருக்கிறார்கள். குடில் மட்டும் அதற்கப்புறம் அவள் செய்ததில்லை. தலையாட்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"உனக்கு ஒம்பது வயசுட்டி," என்றாள். "எனக்குத் தெரியும் நீ தலைய ஆட்டினன்னு. அப்பா வந்து சொன்னார், தங்கச்சியும் சொல்லிட்டா, இனி நீ மாத்திப் பேசாதன்னு."

அப்படியானால் அவள் வாயை அடைத்தது என் தலையாட்டல்தான். இதை நான் இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

மடலில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா குடிலப் பத்தியும் எழுது. நாப்பத்தஞ்சு வருஷமா எல்லாரும் தீயப் பத்தியே பேசுறாங்க. குடில் எப்டி இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல."

வருகிற ஞாயிறு கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அப்பாவைச் சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் நானும் எழுந்து வருவேன். என் சாட்சியை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

புல் நான்கு விரல் உயரம், ஒரே சீராக, விரலால் வாரிவிட்ட மாதிரி. கண்ணாடிக் குளத்தில் கழுத்தை நீட்டி ஓர் ஆடு தண்ணீர் குடித்தது. பாறையில் ஏறி வருகிற இடையனின் கம்பு ஒரு பல்குத்தும் குச்சி, ஹவுஸ் ஓனரிடம் கேட்டு வாங்கியது. பதினோரு சுடரும் குளத்துக்குள் இன்னொரு தடவை எரிந்தன. பஞ்சில் செய்த மேகத்துக்கு அக்கா தன் ஜிகினா ரிப்பனை வெட்டி நட்சத்திரம் வைத்திருந்தாள். மாதாவும் சூசையப்பரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வைக்கோல் தொட்டிலில் பாலன் இல்லை. அந்த வீட்டில் உண்மையாகவே காலியாக இருந்தது அது ஒன்றுதான். நான் பார்த்தேன்.